ஒன்றேகால்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். இதற்குக் கௌரவமான வார்த்தை எதுவும் பொருந்தவில்லை. 'செவிவழி வந்தது' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். முழங்கால் வலிக்காகப் பத்து நாள் பிசியோதெரபிக்குப் போனேன். சாயங்காலம் நாலரை மணி முறை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. முட்டியைச் சுற்றி நாலு ரப்பர் பட்டையை ஒட்டி, கரண்ட் மெஷினைத் திருகிவிட்டு, "இருபது நிமிஷம் அசையாம படுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விடுவாள். தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் அசையக் கூடாத ஒரு கிழவி. நீங்களே சொல்லுங்கள், காதை எங்கே கழற்றி வைப்பது?

எனக்குக் கதை எப்போதும் காதில்தான் வரும். யாரோ இருவர் பேசுவது கேட்கும், எழுதிக்கொள்வேன். அவர்கள் உயரமா குள்ளமா என்று யாராவது கேட்டால்தான் விழிப்பேன். என் தங்கைதான் என் கதைகளுக்கு முதல் வாசகி, தொலைபேசியில். "உன் கதையில யாருக்கும் மூஞ்சியே இல்லக்கா. வெறும் வாய் மட்டும் அங்கங்க மிதக்குது" என்பாள். இந்த முறை அவளிடம் சொல்ல ஒரு நியாயம் கிடைத்தது. நடுவில் திரை இருந்ததம்மா, நான் என்ன செய்ய?

2

முதல் நாள் என்னைப் படுக்க வைக்கும் முன்பு அந்தப் பெண் ஒரு அட்டையோடு வந்தாள். எண் கேட்பதுதான் அவளுடைய முதல் வேலை என்பதால் நான் அவளுக்கு எண்ணழகி என்று பேர் வைத்துக்கொண்டேன்.

"வலி எவ்வளவும்மா? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"உட்கார்ந்திருந்தா மூணு. எழுந்திருச்சா எட்டு. மருமக பார்க்கும்போது ஒன்பது."

"ஒரே நம்பரா சொல்லுங்கம்மா. கட்டம் ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப ஏழுன்னு போட்டுக்கோ."

ஏழு என்பது எங்கேயும் இல்லாத வலி. ஆனாலும் அட்டையில் ஏறிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். (இப்படிச் சொல்வது எழுத்தாளர்கள் செய்யும் மட்டமான வேலை. எனக்கும் தெரியும். ஆனால் என் வாசகர்களில் பாதிப் பேருக்கு என் வயது. நினைவூட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

அவள் போன பிறகு திரைக்கு அந்தப் பக்கம் குரல் எழுந்தது.

"அண்ணி, கழுத்தை ஆட்டாதீங்க."

"நீ அந்தப் பக்கம் நின்னு இப்படி ஒரு சேதியைச் சொன்னா ஆட்டாம எப்படி இருக்கிறது? மறுபடி சொல்லு. எத்தனை?"

"சைபர் புள்ளி எட்டு."

"மத்தவங்களுக்கு?"

"மூணரை, நாலு... பி.டி. சாருக்கு நாலு புள்ளி ஏழு."

"அவர் பந்தைக் கொடுத்துட்டு மர நிழல்ல உட்கார்ந்துப்பாரு. அவருக்கு ஏன் வராது?"

"அண்ணி..."

"நாலு வருஷம். ஆறாம் வகுப்புலேர்ந்து இந்த முப்பத்தாறு பேர்கூட நாலு வருஷம். சைபர் புள்ளி எட்டா?"

மூக்கு உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு மெஷின் 'பீப்' என்றது. முதல் நாள் கதை அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் கேட்டதில் மீதி புரிந்தது. கழுத்து வலிக்காரர் கணக்கு டீச்சர். கூட வருபவர் அவருடைய நாத்தனார். அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க். கழுத்தைத் திருப்ப முடியாத அண்ணியைத் தன் ஸ்கூட்டரில் தினமும் அழைத்துவருவது அவர்தான். பள்ளிக்கு மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. மதிப்பெண் மட்டும் போதாது, பாடத்தின்மேல் பிள்ளைகளுக்கு என்ன மனசு இருக்கிறது என்பதையும் அளக்க வேண்டுமாம். இருபது வாக்கியங்கள். 'கணக்கு வகுப்பு எனக்குப் பிடிக்கும்.' 'ஆசிரியர் என்னைக் கவனிக்கிறார்.' ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டங்கள்: முற்றிலும் மறுக்கிறேன் என்றால் ஒன்று, முற்றிலும் ஏற்கிறேன் என்றால் ஐந்து. ஏதாவது ஒரு வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். தாளில் பேர் எழுதக் கூடாது. வந்த சராசரியைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் யாருக்கு எந்த வகுப்பு என்று தலைமையாசிரியை முடிவு செய்வார். சைபர் புள்ளி எட்டு வாங்கினவருக்குத் தன்னுடைய பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புக்குக் கூட்டிப்போகும் பாக்கியம் கிடைக்காது.

3

இங்கே ஒரு தப்பு செய்தேன். மறைக்காமல் காட்டுகிறேன்.

[நாத்தனார் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டாள். அண்ணி வந்த நாளிலிருந்து அவள் காத்திருந்த]

இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனதும் எழுதிய வரி இது. நாத்தனார் என்ற சொல்லைக் கேட்டதும் என் பேனா தானாகவே அவரை வில்லியாக்கிவிட்டது. தாள்களைத் திருத்தியவர் அவர், அண்ணிமேல் பொறாமை, வேண்டுமென்றே பூஜ்யம் போட்டார். கதை கச்சிதமாக வந்தது. தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கா?"

"இருக்கு. ஆனா நம்ம வீட்டுல உன் நாத்தனார்தான் உனக்கு டைப் அடிச்சுக் கொடுத்தா, முப்பது வருஷமா. அதை எந்தக் கதையில எழுதியிருக்க?"

போனை வைத்தேன். வில்லியை வேலையிலிருந்து நீக்கினேன். மேலே இருக்கும் அடைப்புக்குறி அவருடைய நினைவுச் சின்னம்.*

* என் நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். "அதையும் நான்தான் டைப் பண்ணணுமா?" என்றார்.

4

மூன்றாம் நாள் எனக்குப் பட்டை ஒட்டும்போதே அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

"வராது! வரவே வராது!"

"அண்ணி, மெதுவா. பக்கத்துல ஆள் இருக்காங்க."

"இருந்தா இருக்கட்டும். வட்டத்துல ஆகக் குறைஞ்சது எத்தனை?"

"ஒண்ணு."

"முப்பத்தாறு பேரும் இருபது கேள்விக்கும் என்னை வெறுத்துத் தள்ளினாக்கூடச் சராசரி எவ்வளவு வரணும்?"

"...ஒண்ணு."

"அப்ப சைபர் புள்ளி எட்டு எங்கேர்ந்து வந்துச்சு? ஒண்ணுக்குக் கீழ எப்படிப் போகும்? ரெண்டு நாளா உட்கார்ந்து அழுதேனே, ஒரு நிமிஷம் யோசிச்சேனா! ஒண்ணுக்குக் கீழ போக வெறுப்புக்கே வழி கிடையாதும்மா!"

திரைக்கு இந்தப் பக்கம் நான் கைதட்டப் போனேன். கரண்ட் மெஷின் சுருக்கென்றது.

நான்காம் நாள் கிளார்க் முப்பத்தாறு தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காகிதம் புரளும் ஓசை கேட்டது. பிறகு, "ஐயோ அண்ணி" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகத் திரும்பியது.

"பிள்ளைங்க வட்டத்தையே நிரப்பலை அண்ணி. ரெண்டு வட்டத்துக்கு நடுவுல கோடு போட்டிருக்காங்க. இதோ, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. பக்கத்துல பொடி எழுத்துல நாலரைன்னு போட்டிருக்கு. இந்தத் தாள்ல ஓரத்துல கணக்கே போட்டிருக்கு. 'திங்கள் 5, செவ்வாய் 2, புதன் டெஸ்ட், அதனால் 1, கூட்டி மூன்றால் வகுக்க...' தாளைப் படிக்கிற மெஷினுக்கு வட்டம் காலியாத் தெரிஞ்சிருக்கு. 'விடை இல்லை, பூஜ்யமாகக் கொள்ளவா?'ன்னு கம்ப்யூட்டர் திரையில கேட்டுச்சு. நான் ஆமா, ஆமான்னு தட்டிக்கிட்டே போனேன். சாப்பாட்டு நேரம், பசி. பொதுவா ரெண்டு மூணு வரும். உங்க வகுப்புக்கு ஐந்நூறு தடவைக்கு மேல தட்டியிருப்பேன். ஏன் இத்தனைன்னு தோணவே இல்ல."

தாள்களைத் தட்டி அடுக்கும் ஓசை கேட்டது.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணாங்க? மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே, ஒரு வட்டம் மட்டும்னு."

"நான்தான்" என்றார் டீச்சர், மிக மெல்ல. "நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கடைசி வரி வரைக்கும் ரவுண்டு பண்ணாதே. பாதி வழியில கால், அரையை எல்லாம் தூக்கிப் போட்டா விடை தப்பாப் போகும். நாலு வருஷமா தினம் சொல்றேன். ரவுண்டு பண்ணா ரெண்டு மார்க் குறைப்பேன்."

"அதுக்கு? மனசுக்குமா?"

"அதுங்களுக்கு என்ன தெரியும்? வந்தது கணக்கு டீச்சர் வகுப்புத் தாள்."

4½

ஒரு குட்டி விலகல். பிள்ளைகளின் மனசை எண்ணால் அளப்பது சரியா தப்பா என்று ஒரு பத்தி எழுத நினைத்து மூன்று முறை உட்கார்ந்தேன்.

[மனித மனம் என்பது கடலைப் போல]

தூ. கடலைப் போல ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் படிவம் பிடித்துத்தான் இருந்தது. நான் படித்த காலத்தில் எந்தப் பெரியவரும் என்னிடம், 'வகுப்பில் சந்தோஷமாக இருக்கிறாயா?' என்று தாளிலும் கேட்டதில்லை, வாயாலும் கேட்டதில்லை. கேட்டார்களே, அதற்கே ஒரு வந்தனம். கேட்டுவிட்டு, ஐந்து கிண்ணத்தை வைத்து 'இதில் ஊற்று' என்றார்கள். பிள்ளைகள் சிந்தாமல் ஊற்றப் பார்த்தார்கள். மெஷின் தரையைத் துடைத்துவிட்டு, 'கிண்ணம் காலி' என்றது. எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். மீதியைப் படித்தவர்கள் எழுதுவார்கள்.

5

இப்போது என் குற்றம்.

ஐந்தாம் நாளே என் முட்டி வலி இரண்டுக்கு இறங்கிவிட்டது. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். எண்ணழகி அட்டையோடு வந்து நின்றாள். ரெண்டு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். கதையோ பாதியில் நிற்கிறது.

"இன்னைக்கு எவ்வளவும்மா?"

"ஆறு."

"ஆறா? நேத்தைவிட நல்லா நடந்து வந்தீங்களே?"

"நடக்கும்போது தெரியாது. மனசுக்குள்ள வலிக்குது."

அவள் கவலையோடு கரண்டைக் கொஞ்சம் கூட்டினாள். எறும்புகள் தேளாயின. பொய் சொன்ன வாய்க்கு முட்டி தண்டனை அனுபவித்தது. ஒன்பதாம் நாள் வரை இப்படியே ஆறு, ஆறரை என்று வண்டியை ஓட்டினேன். ('ஆறரையெல்லாம் கிடையாதும்மா. ஏழுன்னு போட்டுக்கறேன்' என்றாள். மறுபடி கூட்டினாள்.)

பார்த்தீர்களா, அந்தப் பிள்ளைகள் உண்மையை அளந்து எழுதிப் பூஜ்யம் வாங்கினார்கள். நான் புளுகி, அட்டையில் முழு எண்ணாக ஏறி, ராஜ மரியாதை வாங்கினேன்.

இதற்கிடையில் அந்தப் பக்கம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது தலைமையாசிரியை அறையில் நடந்தது, அங்கே எனக்குக் கட்டில் போடவில்லை. கிளார்க் தன் தவறை ஒப்புக்கொண்டார். தலைமையாசிரியை நல்லவர்தான். ஆனால் அந்த மென்பொருள் அரையையும் காலையும் ஏற்காது. கையால் அடித்தாலும் சிவப்பாகக் கத்துகிறது. அதனால் அந்த வகுப்புக்கு மட்டும் மறுபடி படிவம் கொடுப்பது என்று முடிவானது. பதினொன்றாம் நாள் காலை, முதல் மணி. அதில் வருவதுதான் கடைசி எண். டீச்சரிடம் அவர் சொன்னாராம்: "உள்ள போறதுக்கு முன்னால நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஒரு வட்டத்தை முழுசா நிரப்பச் சொல்லி. நான் சொன்னா தலையாட்டிட்டு மறுபடி கோடுதான் போடுவாங்க. நீங்க சொன்னாதான் கேட்பாங்க."

6

ஒன்பதாம் நாள்.

"சொல்லிட வேண்டியதுதானே அண்ணி? ஒரு வரி. 'பிள்ளைங்களா, இன்னைக்கு மட்டும் ரவுண்டு பண்ணிக்கோங்க.' முடிஞ்சுது. அடுத்த வருஷமும் உங்க வகுப்பு உங்களுக்கு."

"நான் வாசல்ல நின்னு சொன்னா எந்தப் பக்கம் ரவுண்டு பண்ணுவாங்க?"

"மேலதான். மூணரைன்னா நாலு."

"ரெண்டேகாலையும் அஞ்சாக்கிடுவாங்க. என் மூஞ்சியைப் பார்த்துட்டு. அப்ப அது அவங்க மனசு இல்ல, என் மனசு. என் மனசை நானே அளந்துக்க முப்பத்தாறு பிள்ளைங்க எதுக்கு?"

"சொல்லலைன்னா மறுபடி கோடு. மறுபடி பூஜ்யம். வகுப்பு போயிடும்."

"தெரியும்."

காகிதம் புரண்டது. கிளார்க் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். 'கணக்கு எனக்குப் பயம் தருகிறது' என்பதற்கு ஒரு பிள்ளை 'நாலரை. ஆனாலும் வருவேன்' என்று எழுதியிருந்தது. 'கணக்கு வகுப்பில் நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்பதற்குப் பக்கத்தில், 'லீவு நாளையும் சேர்த்தா, சேர்க்காமலா?' என்று ஒரு கேள்வி.

"இது வக்கீல்தானே?" என்று டீச்சர் சிரித்தார். "கடைசி பெஞ்ச். எதையும் கேட்காம எழுத மாட்டா."

"யாரு என்னன்னு பார்க்கக் கூடாது அண்ணி. பேர் போடாத தாள்."

"சரி, சரி. அடுத்தது படி."

"அடுத்தது... இது வேண்டாம்."

"படி."

"'ஆசிரியர் என்னைக் கவனிக்கிறார்.' ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல கோடு. ஒண்ணுக்குக் கிட்ட. ஒன்றேகால்னு எழுதியிருக்கு."

என் முட்டியில் எறும்புகளும் நின்றதுபோல் இருந்தது.

"எழுத்தைக் காட்டட்டுமா அண்ணி? பார்த்தா உங்களுக்கு யாருன்னு தெரிஞ்சிடும்."

"காட்டாதே."

"பின்ன எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"நாளைக்குப் போய் முப்பத்தாறு பேரையும் கவனிக்கிறேன். அதுல அந்தப் பிள்ளையும் இருக்கும்ல? ஒண்ணுன்னு போட்டிருக்கலாம். கோபத்துல போடறவங்க ஒண்ணுதான் போடுவாங்க. இது உட்கார்ந்து யோசிச்சிருக்கு. என்னைக்கோ ஒரு நாள் நான் திரும்பிப் பார்த்திருக்கேன், அதுக்குக் கால் கொடுத்திருக்கு. ரவுண்டு பண்ணச் சொன்னா முதல்ல போறது அந்தக் கால்தான். அது நான் சம்பாதிச்சது. அதை நான் எப்படித் தூக்கிப் போடச் சொல்லுவேன்?"

'பீப்.'

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

முதலாவது: தலைமையாசிரியை அந்த ஒன்றேகாலைப் படித்துக் கண் கலங்குகிறார், படிவத்தைக் கிழித்துப் போட்டு, "இவங்க உங்க பிள்ளைங்க" என்கிறார். தங்கையின் தீர்ப்பு: "பின்னணியில வயலின் வாசிக்கிறது யாரு?"

இரண்டாவது: மென்பொருள் செய்தவர் மனம் மாறி, அரைக்கும் காலுக்கும் இடம் வைக்கிறார். இதை எழுதும்போதே கிளார்க்கின் குரல் காதில் கேட்டது: "அம்மா, போன வருஷம் ஒரு பிள்ளையோட பிறந்த தேதியை மாத்தச் சொல்லி எழுதினோம். இன்னும் பதில் வரலை."

மூன்றாவது: வக்கீல் எழுந்து நின்று

[எழுந்து நின்று, "டீச்சர், நாங்கள் அனைவரும் ஒருமனதாக]

எந்தப் பிள்ளை இப்படிப் பேசும்? உட்காரச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள், ஒரு முறைப்போடு.

8

பத்தாம் நாள். மறுநாள் காலை படிவம். எனக்கு அன்று தெரிய வேண்டியது டீச்சர் என்ன முடிவு செய்தார் என்பது. பதினொன்றாம் நாள் தெரிய வேண்டியது என்ன நடந்தது என்பது. அதாவது, எனக்கு இன்னும் ஒரு நாள் வலி வேண்டும்.

எண்ணழகி வந்தாள்.

"இன்னைக்கு எவ்வளவும்மா?"

ஆறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அந்தப் பிள்ளை நினைவுக்கு வந்தது; பென்சிலைக் கடித்துக்கொண்டு, ஒன்றா ஒன்றேகாலா என்று யோசித்து, கோபத்திலும் நியாயம் பார்த்த பிள்ளை.

"ஒன்றேகால்" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது.

"கால் எல்லாம் கிடையாதும்மா. ஒண்ணா, ரெண்டா?"

"ஒன்றேகால்தான். வேணும்னா நடுவுல ஒரு கோடு போடு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. "அண்ணி, பக்கத்துக் கட்டில்ல நம்ம வகுப்புப் பிள்ளை ஒண்ணு!"

எண்ணழகி 'ஒன்று' என்று எழுதி, சந்தோஷமாக அட்டையை மூடினாள். "நாளைலேர்ந்து வர வேண்டாம்மா. குணமாயிடுச்சு." ரப்பர் பட்டைகளை ஒட்டினாள், கடைசி இருபது நிமிடத்துக்கு. போய்விட்டாள்.

"அம்மா" என்றது டீச்சரின் குரல். என்னைத்தான். "பத்து நாளா கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"எட்டு நாள்தான்" என்றேன். "ரெண்டு நாள் நீங்க மெதுவாப் பேசினீங்க."

"பரவாயில்ல. முழுக் கதையும் தெரிஞ்ச வெளியாள் நீங்க ஒருத்தர்தான். என் வீட்டுல கேட்டா சொல்லிடுன்னு சொல்றாங்க. இவளும் அதையேதான் சொல்றா. நாளைக்குக் காலைல நான் அந்த வாசல்ல நிக்கணும். முப்பத்தாறு பேரும் பென்சிலைச் சீவி வெச்சுக்கிட்டு என்னைப் பார்ப்பாங்க. நீங்க சொல்லுங்கம்மா, நான் என்ன சொல்லட்டும்?"

நாற்பது வருஷமாக அடுத்தவர் வாயில் வார்த்தை வைத்தே பிழைத்தவள் நான். முதல் தடவையாக ஒரு பாத்திரம் தானாகவே வாயைத் திறந்துகொண்டு கேட்கிறது. என்ன சொன்னேன் என்று தங்கையும் கேட்டாள். சொல்லவில்லை. இங்கே எழுதினால், நான் சொன்னதைத்தான் டீச்சர் செய்தார் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தவிர, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மெஷின் 'பீப்' என்றது.

ஆகவே, இனி உங்கள் முறை. மணி அடித்துவிட்டது. நீண்ட வராந்தா, திறந்த கதவு. உள்ளே முப்பத்தாறு தலைகள். கடைசி பெஞ்சில் வக்கீல். எங்கேயோ ஒரு வரிசையில், யாரென்று தெரியாத அந்த ஒன்றேகால். டீச்சருக்குக் கழுத்து நேராகிவிட்டது, எல்லாப் பக்கமும் திரும்புகிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார், அவசரப்படாமல், ஒருவரையும் விடாமல். பார்த்து முடித்துவிட்டார். வாயைத் திறக்கிறார். கீழே இடம் விட்டிருக்கிறேன். முழுசாக எழுத வேண்டும் என்பதில்லை. அரை வாக்கியம் வந்தால் அரையாகவே இருக்கட்டும், நான் மார்க் குறைக்க மாட்டேன்.

"பிள்ளைங்களா,